‘இது நியாயமே இல்ல!’: ஏமாற்றத்தையும் அநியாயத்தையும் எதிர்கொள்ளக் குழந்தைகளைப் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விளையாட்டு விழா முடிந்து வந்தவள், ஷூவைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, ஷூவின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஓட்டப் பந்தயத்தில் கயிற்றை முதலில் தொட்டது அவள்தானாம். கயிற்றருகே நின்ற ஆசிரியை அந்த நேரம் பார்த்து ஃபோனைக் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் ஓடி வந்தவளை முதல் என்று எழுதிவிட்டாராம். எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: “பரவால்லடா, விடு. அடுத்த வருஷம் ஜெயிச்சுக்கலாம்.” ஸ்கேல் நின்றது. “நீ அங்க இல்லவே இல்ல. அப்புறம் எப்படிம்மா பரவால்லன்னு சொல்ற?”

பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அன்று இரவு அவள் சொன்னது, “என்னை ஏமாத்திட்டாங்க.” இரண்டு வாரம் முன்னால் வினாடி வினா அணியில் இடம் கிடைக்காதபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். அங்கே யாரும் ஏமாற்றவில்லை. மற்ற இரண்டு பேர் அவளைவிட அதிகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். நம் மொழியும் இதில் கொஞ்சம் விளையாடுகிறது. நினைத்தது நடக்காவிட்டால் ஏமாற்றம், ஒருவர் வஞ்சித்தால் ஏமாற்றுதல். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. குழந்தை வாயில் இரண்டுமே ‘ஏமாத்திட்டாங்க’ ஆகிவிடுகிறது.

ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும், அநியாயத்தைத் தட்டிக் கேட்கப் பழக வேண்டும். நாம் வீட்டில் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறோம். அநியாயம் நடந்தால் ‘விடு, பெருசுபடுத்தாத’ என்கிறோம். வெறும் ஏமாற்றம் என்றால் பதறிப்போய் எதையாவது வாங்கிக் கொடுத்து ஈடுகட்டுகிறோம். எனக்குத் தெரிந்தவரை முக்கால்வாசி வேலை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்தான் இருக்கிறது.

தொடங்கும் முன்: வயதைக் கணக்கில் வையுங்கள்

மூன்று, நான்கு வயதில் ‘நியாயமில்ல’ என்றால் ‘எனக்கு வேணும்’ என்றுதான் பொருள். அந்த வயதில் விளக்கம் எடுபடாது. மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடிக்கும்வரை காத்திருப்பதே பாடம்.

கனடா, இந்தியா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா என ஏழு நாட்டுக் குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. இரண்டு குழந்தைகளை எதிரெதிரே உட்கார வைத்து, தின்பண்டத்தை ஏற்றத்தாழ்வாகப் பிரித்து வைப்பார்கள். ஒரு குழந்தையின் கையில் இரண்டு பிடிகள். பச்சையை இழுத்தால் பிரித்தது பிரித்தபடி இருவருக்கும் போய்ச் சேரும். சிவப்பை இழுத்தால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது. தனக்குக் குறைவாக வந்தால் சிவப்பை இழுக்கும் பழக்கம் ஏழு நாட்டிலும் தென்பட்டது. தொடங்கிய வயதுதான் நாட்டுக்கு நாடு மாறியது. தனக்குக் கூடுதலாக வந்தபோதும் ‘வேண்டாம்’ என்று மறுத்தது மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் சற்று வளர்ந்த பிள்ளைகள்.

ஆகவே உங்கள் ஆறு வயதுப் பிள்ளை ‘எனக்குக் கிடைக்கலைன்னா யாருக்கும் வேணாம்’ என்று ஆட்டத்தைக் கலைத்தால், ‘இதுக்கு எங்கிருந்து இந்தப் புத்தி வந்துச்சு’ என்று தலையில் கைவைக்க வேண்டாம். எந்த வயதில் தொடங்கும் என்பது மாறலாம், ஆனால் அந்த ஏழு நாட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான்.

படி 1: முதல் பத்து நிமிடம், உருப்படியாக எதுவும் சொல்லாதீர்கள்

கொந்தளிப்பில் இருக்கும் குழந்தைக்கு நியாயம் விளங்காது. நமக்கே விளங்காது. அப்போது வாயில் வரக்கூடாத சில வாக்கியங்கள் உண்டு. ‘பரவால்ல’, ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’, ‘வாழ்க்கைன்னா அப்படித்தான்’, ‘நீ என்ன பண்ணின?’ கடைசிக் கேள்விதான் ரொம்ப மோசம். கேட்பது தகவலுக்காகத்தான் என்றாலும் குழந்தைக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும்.

பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். நடந்ததையும் உணர்வையும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம் போதும்: “நீதான் முதல்ல வந்தன்னு உனக்குத் தெரியும், ஆனா வேற பேரைச் சொல்லிட்டாங்க. கோவமா இருக்கு, இல்ல?” உணர்ச்சிக்குப் பெயர் சொன்னால், மூளையில் எச்சரிக்கை மணி அடிக்கிற அமிக்டலாவின் பரபரப்புக் குறைவது 2007-இல் வந்த ஒரு மூளைப்பட ஆய்வில் தெரிந்தது. பெரியவர்களிடம் நடத்தியது அது. குழந்தைகளிடம் எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. சரியான வார்த்தை விழுந்ததும் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

‘கோவம்’, ‘அழுகை’ இரண்டோடு நிறுத்திவிடாமல் சொல்வளத்தைப் பெருக்குங்கள். அவமானமா, பொறாமையா, ஏக்கமா, சலிப்பா? பொறாமை என்று சொல்லத் தயங்க வேண்டாம். ‘அவளுக்குக் கிடைச்சது எனக்குப் பொறாமையா இருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளை அவளைக் கிள்ளாது.

படி 2: சலித்துப் பிரித்தெடுங்கள்

இதற்கு ஏற்ற நேரம் இரவு விளக்கை அணைத்த பிறகு, அல்லது சேர்ந்து நடக்கும்போது. முகம் பார்க்காமல் பேசினால் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடக் கூடாது. நான் கேட்கும் கேள்விகள் நான்குதான்.

“விதி என்னன்னு முன்னாடியே தெரியுமா? எல்லாருக்கும் அதே விதிதானா? யாராவது அதை மீறினாங்களா, இல்ல கவனிக்காம விட்டாங்களா? கூடுதலாக் கிடைச்சவங்களுக்கு அதுக்கு ஏதாவது தேவை இருந்துச்சா?”

பதில்களை வைத்து விஷயம் தானாகவே சில குவியல்களாக விழும். விதி சரியாக இருந்தது, நான் தோற்றேன் என்றால் அது ஏமாற்றம். மழை வந்து பயணம் ரத்தானால் அது அதிர்ஷ்டக் கணக்கு. கோபிக்க ஆளே இல்லை, அதனால்தான் பெற்றோர் மேல் கோபம் வருகிறது. கையில் கட்டுப் போட்ட வகுப்புத் தோழனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் அது தேவை. இந்தக் குவியலைத்தான் பிள்ளைகள் அடிக்கடி அநியாயம் என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பு கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். விதி மீறப்பட்டது, ஆள் பார்த்து நடந்துகொண்டார்கள், கவனிக்கவே இல்லை என்றால் அது அநியாயம்.

எதிலும் சேராததும் வரும். ஓவியப் போட்டியில் நடுவருக்கு வேறு படம் பிடித்துப்போனது எந்தக் குவியல்? ‘தெரியலடா’ என்று சொல்லிவிடுங்கள். தெரியாதது இருக்கலாம் என்பதும் அவர்கள் கற்க வேண்டியதுதான்.

கிரிக்கெட் பிடித்த பிள்ளை என்றால் ஒரு நல்ல புதிர் இருக்கிறது. 2019 ஜூலை 14, லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சமனை உடைக்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடுகிற சூப்பர் ஓவரிலும் இரண்டு அணியும் 15. யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி, 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். விதி இரண்டு அணிக்கும் முன்பே தெரிந்ததுதான். யாரும் மீறவில்லை. அப்படியானால் இது அநியாயமா, ஏமாற்றமா? எங்கள் வீட்டில் இந்தச் சண்டை ஒரு மணி நேரம் ஓடியது. ‘விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா விதியே சரியில்ல’ என்று மகள் ஐந்தாவதாக ஒரு குவியலைக் கண்டுபிடித்தாள்.

படி 3: அநியாயம் என்றால், பேசப் பழக்குங்கள்

ஏழெட்டு வயதிலிருந்து குழந்தையே பேசலாம், நாம் பக்கத்தில் நிற்கலாம். முன்கூட்டி ஒத்திகை பார்ப்பது அவசியம். என்ன நடந்தது, அது எனக்கு எப்படி இருந்தது, நான் கேட்பது என்ன. இந்த மூன்றும் இருந்தால் போதும். நான் ஆசிரியையாக நடித்தேன். முதல் ஒத்திகையில் “மிஸ், நீங்க ஃபோன் பாத்துட்டே தப்பா எழுதிட்டீங்க” என்று ஆரம்பித்தாள். நான் ஆசிரியையாக இருந்து, “அதெல்லாம் இல்லையே” என்று வெடுக்கென்று சொன்னேன். அவளே புரிந்துகொண்டு மாற்றினாள்: “மிஸ், நான்தான் கயிறை முதல்ல தொட்டேன். நீங்க அப்போ பாக்கலைன்னு நினைக்கிறேன். பக்கத்துல ஓடினவகிட்டயும் கேட்டுப் பாக்கறீங்களா?”

போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேட்பது நம் கையில், முடிவு அவர்கள் கையில். இதைச் சொல்லாமல் அனுப்பினால் ஒரு ஏமாற்றத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுகிறோம்.

மறுநாள் கேட்டாள். முடிவுப் பட்டியல் போய்விட்டது, மாற்ற முடியாது என்றார் ஆசிரியை. ஆனால், “நான் கவனிச்சிருக்கணும்மா” என்றும் சொன்னார். பதக்கம் வரவில்லை. திரும்பி வரும் வழியில் மகள் ஒன்றும் பேசவில்லை. தெருமுனை வந்ததும், “அவங்க இல்லைன்னு சொல்லல, கவனிச்சியா?” என்றாள். அந்த ஒப்புதல் அவளுக்குப் பதக்கத்தில் பாதியாவது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த பவுண்டரி கதையின் மிச்சத்தை இங்கே சொல்லலாம். அதே 2019 அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அந்த விதியைத் தூக்கிவிட்டது. இனி வெற்றி தோல்வி தெரியும்வரை சூப்பர் ஓவர் தொடரும் என்றார்கள். கோப்பை மட்டும் நியூசிலாந்துக்குத் திரும்பவில்லை. நாம் பேசியதன் பலன் சில சமயம் நமக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது கசப்பான செய்திதான், மறைக்க வேண்டியதில்லை.

படி 4: ஏமாற்றம் என்றால், இட்டு நிரப்பாதீர்கள்

பிள்ளையின் வாடிய முகத்தை நம்மால்தான் தாங்க முடிவதில்லை. உடனே வெளியே கூட்டிப்போவது, பொம்மை, கூடுதல் டிவி. இது நம் தவிப்புக்கு நாம் போட்டுக்கொள்ளும் களிம்பு. குழந்தை இதிலிருந்து கற்றுக்கொள்வது, வருத்தம் என்றால் அதை அடைக்க ஒரு பொருள் வேண்டும் என்பதை. வருத்தம் வரட்டும், அரை நாள் இருக்கட்டும். அது தானே வடிந்துபோவதை ஒரு தடவை அனுபவித்துவிட்டால் அடுத்த முறை பயம் குறைகிறது. ‘அடுத்து என்ன செய்யலாம்?’ என்ற கேள்வியை மறுநாளைக்கு வையுங்கள்.

முன்தயாரிப்புக்குத்தான் பலன் அதிகம். தேர்வுக்கோ போட்டிக்கோ போகும் முன், “தேர்வாகலாம், ஆகாமலும் போகலாம். ஆகலைன்னா அன்னைக்குச் சாயங்காலம் என்ன பண்ணலாம்?” என்று பேசி வையுங்கள். இது அபசகுனம் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை அலசி 1995-இல் ஒரு ஆய்வு வந்தது. வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்களாம். வெள்ளிக்காரர் கைநழுவிப்போன தங்கத்தைப் பார்க்கிறார். வெண்கலக்காரர் பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடிய நான்காம் இடத்தைப் பார்க்கிறார். எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்பதில்தான் ஏமாற்றத்தின் அளவு இருக்கிறது.

‘உழைச்சா கண்டிப்பாக் கிடைக்கும்’ என்பதை நான் வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டேன். உழைத்தும் கிடைக்காத நாளில் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரே முடிவுதான்: ‘என்கிட்டதான் ஏதோ கோளாறு.’ ‘உழைச்சா வாய்ப்பு கூடும்’ என்பது அவ்வளவு கம்பீரமாக இல்லை, ஆனால் உண்மை.

பிடிக்காத பரிசு விஷயம் தனி. 1986-இல் வெளியான ஒரு ஆய்வில், மூன்று நான்கு வயதுச் சிறுமிகள்கூட, பிடிக்காத பரிசைக் கொடுத்தவர் எதிரே புன்னகைத்தார்கள். அவர் நகர்ந்ததும் முகம் மாறியது. ஆகவே பரிசு கொடுத்தவர் முன் நன்றி சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், ‘எனக்கு இது பிடிக்கவே இல்ல’ என்று சொல்லவும் விடுங்கள். சிரித்தாளே, சரியாகிவிட்டாள் என்று நினைத்து நாம்தான் ஏமாறுகிறோம்.

படி 5: வீட்டு ஓரவஞ்சனையைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசையாகத்தான் இருக்கும். ‘நீதானே பெரியவ, விட்டுக்கொடு’ என்று நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் ஏழு. பிடுங்கிக் கொடுத்துவிட்டு அதற்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயர் வைக்கிறோம். பெரிய பிள்ளை அதில் கற்றது பெருந்தன்மை இல்லை. அழுதால் கிடைக்கும் என்பதை. சின்னவனும் அதே பாடத்தைத்தான் கற்றான், சந்தோஷமாக.

இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்த முடியாது, தேவையும் இல்லை. அமாண்டா கோவல், லாரி கிராமர் என்ற இருவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் பெற்றோர் காட்டும் வித்தியாசத்தைப் பற்றிக் கேட்டார்கள். வித்தியாசம் இருந்த இடங்களில் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகள் அநியாயம் என்று சொல்லவில்லை. தம்பி சின்னவன், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் புரிந்திருந்தது. காரணத்தைச் சொல்லாமல் விடுவதுதான் நம் தவறு.

பிரிக்க முடியாத பொருளுக்கு வழிமுறையை நியாயமாக்குங்கள். அலெக்ஸ் ஷாவும் கிறிஸ்டினா ஆல்சனும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அறையைச் சுத்தம் செய்த இரண்டு பையன்களுக்கு ஐந்து அழிரப்பரைப் பரிசாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு கொடுத்தாயிற்று, மிச்சம் ஒன்று. ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், ஒருவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட அதைக் குப்பையில் போடுவதே மேல் என்றார்கள்! பின்னால் 2014-இல், இருவருக்கும் சம வாய்ப்புள்ள சுழல்சக்கரத்தைக் காட்டி அதன்படி கொடுக்கலாமா என்று பார்த்தபோது பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். குறைவாகக் கிடைத்ததைவிட, ஆள் பார்த்துக் கொடுத்ததுதான் அவர்களைக் குத்துகிறது.

ஆகவே பூவா தலையா போடுங்கள், சீட்டுக் குலுக்குங்கள், அல்லது ஒருவர் பிரிக்கட்டும் மற்றவர் முதலில் எடுக்கட்டும். நிபந்தனை ஒன்று: காசைச் சுண்டும் முன்னால் இருவரும் ‘சரி’ சொல்ல வேண்டும். விழுந்த பிறகு ‘மூணு தடவை போடுவோம்’ என்றால் அது அழுகுணி ஆட்டம்.

நாமே அநியாயமாகத் திட்டிவிட்ட நாட்களும் வரும். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். “அவன் உடைச்சதுக்கு உன்னைத் திட்டிட்டேன். தப்பு என்னோடது.” அதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும்...’ என்று ஆரம்பித்தால் மன்னிப்பு செத்துப்போயிற்று.

படி 6: ஆட்டத்தில் தோற்றுப் பழகட்டும்

நான்கு வயதுவரை வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதில் தப்பில்லை. அதற்கு மேல் எப்போதும் ஜெயிக்க விட்டால், வெளியே முதல் ஆட்டத்திலேயே உடைந்துபோவார்கள். தாயம், ஏணியும் பாம்பும் மாதிரி, பெரியவரும் சின்னவரும் ஒரே மாதிரி தோற்கிற ஆட்டங்களில் தொடங்குங்கள். பிறகு சதுரங்கம் மாதிரித் திறமை ஆட்டங்கள். அதில் நீங்கள் ஒரு குதிரையோ ராணியோ இல்லாமல் ஆடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி ஆடலாம். கமுக்கமாகத் தோற்பதைவிட அது மரியாதை. சின்னவனை எப்போதும் ஒப்புக்குச் சப்பாணியாகவே வைத்திருக்காதீர்கள். தோற்கும் உரிமை அவனுக்கும் உண்டு.

நீங்கள் தோற்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: “ஐயோ, இந்தத் தடவை ஜெயிச்சிருவேன்னு நினைச்சேன். கடுப்பா இருக்கு. சரி, அடுக்கி வைப்போமா?”

படி 7: லாபம் நம் பிள்ளைக்கு வந்தால்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூட்டுவதில் தப்பு நடந்து நம் பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கூடுதல். நடுவர் கவனிக்காததால் நம் பிள்ளைக்குப் பதக்கம். அந்த ஓட்டத்தில் முதல் என்று பெயர் வந்ததே, அந்தப் பெண்ணின் வீட்டிலும் அன்று ஏதோ ஒரு பேச்சு நடந்திருக்கும் அல்லவா? எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இது உறைப்பது கடினம். திட்டாமல், “நீ அவ இடத்துல இருந்தா?” என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு நாள் சொன்னால், கூடவே போய் நில்லுங்கள்.

எங்கே ‘தாங்கிக்கொள்’ என்று சொல்லவே கூடாது

திரும்பத் திரும்ப ஒரே பிள்ளையைக் குறிவைப்பது, நிறத்தையோ சாதியையோ மதத்தையோ உடற்குறையையோ சொல்லி ஒதுக்குவது, அடிப்பது, தகாத தொடுகை. இவை எதுவும் மேலே சொன்ன குவியல்களில் வராது. குழந்தை சமாளிக்கப் பழக வேண்டிய விஷயமே இல்லை இது. பெரியவர்கள் உடனே இறங்கித் தடுக்க வேண்டியது. அதேபோல ஒரு ஏமாற்றத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, பள்ளி எல்லாம் குலைந்தால் குழந்தை மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். செத்துப்போயிடலாம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பார்க்க வேண்டும்.

மறு வருடமும் மகள் ஓடினாள். நான் வேலை முடிந்து வந்தபோது ஷூ வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. உள்ளே தம்பியோடு ஏதோ வாக்குவாதம். என்னைப் பார்த்ததும், “நாலாவது” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இந்தத் தடவை யாரும் ஏமாத்தலம்மா. மூணு பேர் வேகமா ஓடினாங்க” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தம்பியோடு சண்டையைத் தொடர்ந்தாள்.